எஸ்காராவின் முழங்கை

செய்தி மினியாபொலிஸிலிருந்து வந்தது என்று பெவ் சொன்னாள். அவளுக்கு அதைச் சொன்னது அவளுடைய கொழுந்தன். கொழுந்தனுக்குச் சொன்னது அவனோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்க்கும் இன்னொருவன். எலும்பு மருத்துவர்கள் இருக்கும் ஒரு கட்டடத்தின் வாசலில், வருகிறவர்களின் காரை வாங்கிக் கொண்டுபோய் நிறுத்துவது அவர்கள் வேலை. செவ்வாய்க்கிழமை மத்தியானம், கொளுத்துகிற வெயிலில், தலையை மூடிய முழுக்கைச் சட்டையோடு உயரமான ஒருத்தர் இறங்கினாராம். வலது கை மடங்கியபடியே இருந்ததாம். சாவியை இடது கையால் நீட்டினாராம். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டதாம், அது பேஸ்பாலில் பந்து எறிகிற பிட்சர் டோபின் எஸ்காரா என்று.

"முழங்கைதானாம். இந்த வருஷம் இனிமே பந்து எறியமாட்டாராம். பாவம் அந்த மனுஷன்" என்று சொல்லிவிட்டு பெவ் தண்ணீர்க் குழாயை அடுத்த பேருந்தின் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். பதினான்காம் நம்பர் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவள் அவள். கோடை விடுமுறையில் எல்லாருமாகச் சேர்ந்து இருக்கைகளைக் கழுவும் வாரத்தின் வெள்ளிக்கிழமை அது.

அந்த நிலையத்திலிருந்து பேருந்துகளை அனுப்பும் மார்லிஸ் ஹ்ருஸ்கா கையிலிருந்த வண்டிப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை படித்தாள். ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை.

"பெவ், இத வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லையே, உங்ககிட்டதான். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

சும்மா இல்லை. எஸ்காரா மார்லிஸின் ஆள்.

சீடர் ராப்பிட்ஸ் ஊரில் ஒரு ஆட்டம் உண்டு, ஆடுகிறவர்கள் அதைக் காகித பேஸ்பால் என்றுதான் சொல்வார்கள். பத்துப் பேர், பத்து நாற்காலி. மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை செக் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் பழைய மன்றத்துக் கீழ்த்தளத்தில் கூடி, நிஜமான ஆட்டக்காரர்களின் பெயர்களை முறை வைத்து ஆளுக்கு இருபத்து மூன்றாக எடுத்துக்கொள்வார்கள். நிஜ பேஸ்பாலின் இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக் அணிகளில் இருக்கிறவர்கள் மட்டும்தான். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை அந்த ஆட்டக்காரர்கள் மைதானத்தில் என்ன செய்தாலும் அது எடுத்தவர் கணக்கில் ஏறும். மைதானத்தைத் தாண்டி அடிக்கிற ஹோம் ரன், கண் அசந்த நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுகிற பேஸ் திருட்டு, பிட்சர் எடுக்கிற ஸ்ட்ரைக்அவுட் என்று பத்து வகை. ஒவ்வொரு வகையிலும் முதலில் நிற்பவருக்குப் பத்துப் புள்ளி, கடைசியில் நிற்பவருக்கு ஒன்று, சமமாக நின்றால் பாதிப் பாதி.

ஜெயித்தவருக்குக் கிடைப்பது ஒரு தொப்பி. அதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில்லை. தூக்கத்தைக் கெடுப்பது கடைசி இடம். மடக்கு நாற்காலி ஒவ்வொன்றின் முதுகிலும் பெயர் எழுதியிருக்கும். மொத்தத்தில் பத்தாவதாக வந்தவர் அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை தன் நாற்காலியைத் தானே மடக்கி, தானே படியேற்றி, வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். திரும்பி வர வழி கிடையாது. காலியாகும் இடத்துக்காகச் சுவரில் ஒட்டிய தாளில் ஏழு பெயர்கள் காத்திருந்தன.

மார்லிஸே அந்தத் தாளில் ஆறு வருஷம் இருந்தவள். அதற்கு முன்பும் அவள் அந்த அறையில் இருந்தாள், ஆனால் நின்றுகொண்டு. ஆட்டக்காரர்களை எடுக்கும் நாளில் பெயர்களைப் பலகையில் எழுத, தெளிவான கையெழுத்துள்ள ஒருத்தர் தேவைப்பட்டார்கள். பள்ளிப் பேருந்து நிலையத்தில் ஒயர்லெஸ்ஸில் உட்கார்ந்து முப்பத்தெட்டு வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தவளின் கையெழுத்து ஊருக்கே தெரியும். பழம் வைத்துச் சுட்ட கொலாச் ரொட்டி ஒரு டப்பாவோடு வருவாள். சாக்பீஸால் எழுதுவாள். யார் எந்தப் பெயரைச் சொல்வதற்கு முன் கழுத்தைச் சொறிவார், யார் தனக்கு வேண்டாத பெயரை உரக்கப் புகழ்ந்து அடுத்தவர் தலையில் கட்டுவார் எல்லாம் அவள் முதுகுக்குப் பின்னால் நடந்தன, அவள் காதில் விழுந்தன. மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்குத் தங்கள் ஆட்டம் மட்டும் தெரியும். பலகையில் எழுதுகிறவளுக்குப் பத்துப் பேர் ஆட்டமும் தெரியும்.

அவள் கல்யாணம் பதினோரு வருஷம் நீடித்தது. முடிந்தபோது வீடு அவளுக்கு, படகு அவருக்கு. அதன் பிறகு நாள் முழுக்கக் காதில் குரல்கள், எல்லாம் 'ஏழாம் நம்பர் எங்கே', 'பாலத்தில் பனி' என்கிற குரல்கள். இடம் கிடைத்த வருஷம்தான் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை வீட்டுத் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. 'அந்தக் கிளீவ்லேண்ட் ஷார்ட்ஸ்டாப்பைக் கொடுப்பாயா' என்று தொடங்கி, பேச்சு முட்டிவலிக்கும் மழைக்கும் மருமகளுக்கும் போகும். மற்ற ஐந்து மாதமும் வீட்டில் தொலைபேசி இருப்பதே மறந்துபோகும். நாற்காலி போனால் பன்னிரண்டு மாதமும் அப்படித்தான்.

அவளுக்கென்று சில விதிகள் இருந்தன. முதல் மூன்று சுற்றில் பிட்சரை எடுப்பதில்லை. தோள் எப்போது போகும் என்று கடவுளுக்கே தெரியாது. ஆட்டத்தை முடித்துவைக்க வரும் பிட்சர்களுக்காக முன் சுற்றுகளைச் செலவழிப்பதில்லை. அவர்களில் தடுமாறுகிறவன் யார் என்று பார்த்து, அவனுக்கு அடுத்து நிற்கும் பெயர் தெரியாத பையனைக் கடைசிச் சுற்றில் எடுத்தால் போதும். எல்லாரும் ஹோம் ரன்னுக்கு அடித்துக்கொள்ளும்போது பேஸ் திருடுகிற ஒல்லிப்பிச்சான்களைப் பின் சுற்றுகளில் சேர்ப்பது. எந்த வகையில் நாலு பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள் என்று பார்த்து அங்கே மட்டும் தள்ளுவது. இந்த விதிகளால் மூன்று தொப்பிகள் வாங்கியிருந்தாள். அதுதான் வினையாகவும் போயிற்று. இந்த வருஷம் அவள் விதிகளை ஏழு பேர் காப்பியடித்துவிட்டார்கள். ஒல்லிப்பிச்சான்கள் எல்லாம் அவள் முறை வருவதற்குள் தீர்ந்துபோனார்கள். பதற்றத்தில் தன் முதல் விதியைத் தானே மீறி, இரண்டாம் சுற்றில் எஸ்காராவை எடுத்தாள். வேடிக்கை என்னவென்றால், ஜூலை முடிய அவளைத் தாங்கிப் பிடித்தது அவர் ஒருவர்தான்.

தாங்கியது எவ்வளவு? முப்பத்து நாலரைப் புள்ளி, ஒன்பதாம் இடம். பத்தாம் இடத்தில் முப்பத்து நாலு புள்ளியோடு நின்றவர் கேலன் விட்டெக். மேலே எட்டாம் இடத்தில் இருந்தவர் ஒன்பது புள்ளி தள்ளி இருந்தார். ஆக, இரண்டு பேரில் ஒருவர் நாற்காலியைத் தூக்க வேண்டியது. மற்ற எட்டுப் பேருக்கும் இது தெரியும். அவர்கள் இருவருக்கும் தெரியும் என்பதால் அதைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வதில்லை.

கேலன் நகருக்கு வெளியே சோளமும் சோயாவும் போடுகிறவர், மார்லிஸைவிட எட்டு வயசு மூத்தவர். காத்திருப்போர் தாளில் அவள் பெயர் முதலாவதாக வந்தபோது, பொம்பளையை உட்காரவைப்பதா என்று இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். 'நாம சொல்றதுக்கு முன்னாடியே அவ எழுதிடறா, இதுக்கு மேல என்ன தகுதி வேணும்' என்று கேட்டு வாயை அடைத்தவர் கேலன். அவள் நாற்காலியின் முதுகில் பெயரை எழுதியதும் அவர்தான், டிராக்டருக்கு அடிக்கிற பச்சைப் பெயின்டில்.

மூன்று வாரமாக அவர் எஸ்காராவைக் கேட்டுக்கொண்டிருந்தார். பதிலுக்குத் தருவதாகச் சொன்னது கீஷான் பெல்லமி, சிகாகோ அணியில் வாரத்துக்கு மூன்று பேஸ் திருடுகிறவன். திருட்டு வகையில் மார்லிஸுக்கு மேலே மூன்று பேர் ஏழே திருட்டு இடைவெளியில் நின்றார்கள். பெல்லமி வந்தால் ஆகஸ்டிலேயே மூவரையும் தாண்டி மூன்று புள்ளி. கேலனுக்கோ திருட்டு தேவைக்கு மேல் இருந்தது, பிட்சர்தான் பஞ்சம். இரண்டு பேருக்கும் ஆதாயமான பேரம். அதனால்தான் மார்லிஸ் இழுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து ஏறினால் அவளுடைய அரைப் புள்ளி அரைப் புள்ளியாகவே நிற்கும்.

பெவ் சொன்னது உண்மையானால், ஏறப்போவது ஒருவர் மட்டும்.

இங்கே அந்த லீக்கின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அவர்கள் பேரத்தைக் குரலால்தான் முடிப்பார்கள். முடிப்பதற்கு முன் இருவரில் யாரும் மற்றவரை ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். அதற்கு உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். பொய் என்று பின்னால் தெரிந்தால் அன்றைக்கே நாற்காலி காலி. ஆனால் ஒருவர் கேட்டுவிட்டால் மற்றவருக்கும் கேட்கிற உரிமை வந்துவிடும். யாரும் கேட்காவிட்டால் தெரிந்ததைச் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை, அது ஆட்டத்தில் சேர்த்தி. மணிக்கட்டு உடைந்த ஒருவனை ஒரு தடவை வாயைத் திறக்காமல் தள்ளிவிட்டவர், இந்த லீக்கை நடத்தும் கமிஷனர் ஓரின் ஸ்காலாவேதான். அதைச் சொல்லி இன்றைக்கும் சிரிப்பார்கள்.

மார்லிஸும் கேலனும் பன்னிரண்டு வருஷத்தில் ஒருவரை ஒருவர் கேட்டதில்லை.

சனிக்கிழமை முழுக்க அவள் செய்தித்தாளையும் வானொலியையும் துழாவினாள். எஸ்காரா பந்து எறியும் முறை ஒரு தடவை தள்ளிப்போயிருந்தது. காய்ச்சல் என்று போட்டிருந்தார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை எறிவார் என்றும் போட்டிருந்தார்கள். காய்ச்சல்காரன் எதற்கு எலும்பு மருத்துவரிடம் போகிறான்? அது எஸ்காராதான் என்பதற்கு என்ன ஆதாரம், கார் நிறுத்துகிறவன் ஒருவனின் கண்ணா? இரண்டு பக்கமும் மாறி மாறி யோசித்துப் பொழுது போனதுதான் மிச்சம்.

பேரத்துக்குக் கடைசி நேரம் ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு. நிஜ அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு திங்கட்கிழமை முடிகிறது. அதற்கு ஒரு நாள் முன்னால் இவர்களுடையது. யார் எந்த அணிக்குப் போவான் என்று தெரியாமலே பேரம் பேச வேண்டும், இதையும் ஒரு சூதாகவே வைத்திருந்தார்கள். பதினொன்றரைக்கு கேலன் கூப்பிட்டார். பின்னால் டிராக்டர் ஓடுகிற சத்தம்.

"என்ன மார்லிஸ், இன்னும் யோசனைதானா? இந்த மூணு வாரத்துல ஒரு மாட்ட வாங்கி, வளத்து, வித்தே முடிச்சிருப்பேன்."

"மாடுன்னா உன் பேச்சக் கேட்டுக்கிட்டு நிக்கும். நான் நிக்கணுமா?"

"சரி, நிக்காத. பெல்லமி ஓடுவான், அவன் பின்னாடி ஓடு. எஸ்காராவ எனக்குக் குடு. அரை மணிதான் இருக்கு, புல்லு வேற காய்ஞ்சு கிடக்கு, மழைக்குள்ள கட்டணும்."

மார்லிஸ் சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்தாள். குரலில் எதுவும் தெரியக் கூடாது என்று நினைத்த மாத்திரத்தில் குரல் மெலிந்துவிட்டது.

"சரி. குடுத்தேன்."

அந்தப் பக்கம் டிராக்டர் நின்றது. சட்டென்று அவ்வளவு அமைதி.

"முடிக்கறதுக்கு முன்னாடி," என்றார் கேலன், "என்கிட்ட ஏதாவது கேக்கணுமா உனக்கு?"

இதுவரை அவர் இப்படிக் கேட்டதே இல்லை. எதற்காக இப்போது? அவளுக்கு யோசிக்க நேரமில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது: தான் ஒரு கேள்வி கேட்டால், திரும்ப ஒரு கேள்வி வரும். எஸ்காராவின் கை எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டுவிட்டால் தீர்ந்தது.

"எனக்கு ஒண்ணுமில்ல. உனக்கு?"

"உன்கிட்ட எனக்கென்ன கேள்வி" என்றார் கேலன். கொஞ்சம் தாமதித்துத்தான் சொன்னார். "ஓரினுக்குப் போன் போடு. நானும் போடறேன்."

ஓரின் ஸ்காலா பெயர்களை எழுதி, பதினொன்று நாற்பத்தொன்று என்று நேரத்தையும் எழுதிக்கொண்டார். வழக்கம்போல், ரத்து செய்வதானால் மதியம் ஒரு மணி வரை கெடு என்று நினைவுபடுத்தினார். அதுவும் ஒரு பழைய கதையால் வந்த வழக்கம். ஒரு வருஷம் ஒருவர் பல் பிடுங்கிக்கொண்டு மயக்கம் தெளியாமலே பேரம் பேசி, கன்சாஸ் சிட்டியின் முதல் பேஸ்காரனை யாரோ ஒரு கேட்சருக்குக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து, இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு ஒரு மணிக்குள் குரல் கொடுத்தால் பேரம் ரத்து.

மார்லிஸ் இரண்டு சோளக்கதிரை வேகவைத்தாள். தட்டில் வைத்தாள், வெண்ணெய் தடவினாள், சாப்பிடவில்லை. தப்பு ஒன்றும் செய்யவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கேட்கலாம் என்று இருந்தது, அவர் கேட்கவில்லை. ஓரின் செய்யாததா? ஆனால் ஓரின் தள்ளிவிட்டது நாலாவது இடத்துக்காரரிடம். அக்டோபரில் கேலன் அந்தப் படியில் நாற்காலியோடு ஏறுவதை அவள் பார்க்க வேண்டியிருக்கும். இடுப்பு அறுவை செய்துகொண்ட மனுஷன். யாராவது கை கொடுக்கப் போனால் வேண்டாம் என்பார்.

பன்னிரண்டு இருபதுக்குத் தொலைபேசியைக் கையில் எடுத்தாள். கேலன், ஒரு விஷயம் காதில் விழுந்தது, உண்மையா தெரியாது, நீயே முடிவு பண்ணிக்கோ. இவ்வளவுதான். மூன்று வாக்கியம். எண்ணை நாலு இலக்கம் வரை அழுத்தினாள். காதில் விழுந்தது எப்போது என்று அவர் கேட்பார். வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையே தெரியும், இல்லையா. வைத்துவிட்டாள். சோளம் ஆறிப்போயிருந்தது.

வானொலியில் சிகாகோ ஆட்டத்துக்கு முந்தைய பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு முப்பத்து நாலுக்கு, வர்ணனைக்காரர் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, கையில் இப்போதுதான் ஒரு தாள் வந்தது என்றார். இன்றைய ஆட்டப் பட்டியலிலிருந்து கீஷான் பெல்லமி நீக்கப்பட்டிருக்கிறான். காயம் ஒன்றும் இல்லை. உடை மாற்றிக்கொண்டு ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறான். எந்த அணிக்குக் கைமாறிப் போகிறான் என்று யாரும் சொல்லவில்லை. கிழக்குக் கடற்கரை அணிகள் இரண்டு மூன்று கேட்டதாகப் பேச்சு.

மார்லிஸ் எழுந்து நின்றாள். பேச்சில் அடிபட்டவற்றில் ஒன்று அமெரிக்கன் லீக், மற்றவை நேஷனல் லீக். அங்கே போய்விட்டால் அவன் எத்தனை பேஸ் திருடினாலும் காகிதத்தில் சைபர். பெல்லமியின் பெயருக்கு நேரே வெறும் கோடு. கேலனிடம் எஸ்காராவின் முழங்கை, அவளிடம் ஊரை விட்டுப் போன ஓட்டக்காரன். முழங்கை வெறும் வதந்தி என்றால்? செவ்வாய்க்கிழமை எஸ்காரா மைதானத்தில் இறங்கி ஏழு இன்னிங்ஸ் எறிந்தால்? அப்போது அந்தப் படியில் ஏறுவது அவள்.

முடிக்கறதுக்கு முன்னாடி ஏதாவது கேக்கணுமா உனக்கு.

டிராக்டரை நிறுத்திவிட்டுக் கேட்டாரே. தெரிந்துதான் கேட்டாரா? அவர் மச்சான் ஒருவன் சிகாகோ மைதானத்தில் பியர் விற்கிறான். தெரிந்ததை வாயால் சொல்ல மனம் வராமல், நீயாகவே கேட்டுத் தெரிந்துகொள் என்று கதவைத் திறந்து வைத்தாரா? இல்லை, மழைக்கு முன்னால் புல்லைக் கட்டுகிற அவசரத்தில், ஒரு மரியாதைக்குக் கேட்டதா? அவளிடம் ஒரு கேள்வி இருந்தது. பெல்லமி அணி மாறுகிறானா என்று கேட்டிருந்தால் போதும். பலகையில் எழுதிய காலத்திலிருந்தே, ஜூலைக் கடைசியில் எந்த ஓட்டக்காரனைப் பற்றியும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று தெரிந்தவள். தன் வாயை மூடிக்கொள்வதற்காக அதையும் சேர்த்து மூடிக்கொண்டாள்.

ஓரினைக் கூப்பிட்டாள்.

"ரத்து பண்ணணும்னா?"

"ரெண்டு பேர் குரலும் வேணும். ஒரு மணிக்குள்ள" என்றார் ஓரின். அவரும் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. "காரணம் நான் கேக்கமாட்டேன், மார்லிஸ். அவன் கேப்பான்."

"தெரியும்."

"ரேடியோவச் சொல்லிக் கூப்பிட்டா அவன் சிரிப்பான். வேற ஏதாவது இருந்தா, இப்பவே சொல்லிடு. மணி பன்னெண்டு நாப்பத்தெட்டு."

அவள் வைத்தாள். வேற ஏதாவது இருந்தா. ஓரினுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது, முப்பது வருஷம் நிலம் அளந்தவர், எல்லாரும் எங்கேயோ ஒரு எல்லைக் கல்லை மறைத்து வைத்திருப்பார்கள் என்று நினைத்துப் பேசுவார்.

கேலனின் எண்ணை அழுத்தினாள். இந்தத் தடவை கடைசி இலக்கம் வரை. முழங்கையை முதலில் சொல்வதா, பெல்லமியை முதலில் சொல்வதா என்று தெரியவில்லை. முழங்கையைத்தான் முதலில் என்று தீர்மானித்தாள். பன்னிரண்டு இருபதுக்கே சொல்லியிருந்தால் அது ஒரு மாதிரி. இப்போது சொன்னால் அவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பது அவர் கையில். ஆனாலும் அதைத்தான் முதலில்.

மணி அடித்தது. கேலன் வயலில் இருக்கும்போது போனைப் பிக்கப் வண்டியில் டம்ளர் வைக்கிற குழியில் வைத்துவிட்டுப் போவது வழக்கம். டிராக்டரில் ஏறினால் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதும் வழக்கம். காலையில் பேசியது டிராக்டரிலிருந்துதான். அப்படியானால் அது அவர் நெஞ்சின் மேல்தான் அடிக்கிறது. அவர் திரையைப் பார்க்கலாம், பெயரைப் படிக்கலாம், படித்துவிட்டும் எடுக்காமல் இருக்கலாம்.

ஐந்தாவது மணி. வெளியே மேற்கில் மேகம் கூடிக்கொண்டிருந்தது. கடிகாரத்தில் பன்னிரண்டு ஐம்பத்து மூன்று. குரலைப் பதிவு செய்யச் சொல்லும் பெட்டிக்குப் போனால் வைத்துவிட்டு மறுபடி போடுவதென்று அவள் விரலைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

ஆறாவது மணி அடித்தது. ஏழாவதும் அடித்தது.